குழந்தைப் பள்ளியும் மானியப் பணமும்

நம் சங்கத்தாரிடையே சில காலமாக ஒரு பேச்சு நிகழ்ந்து வருகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பாலர்க்கும் ஒரு பள்ளி வேண்டுமென்பது ஒரு சாரார் கொள்கை. மூன்று வயதுக் குழந்தைக்குத் தாய்மடியினும் சிறந்த பள்ளி யாது என்பது மற்றொரு சாரார் வினா. இவ்விரு திறத்தாரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர்: சர்க்கார் மானியம் கிடைத்தால் தொடங்கலாம், கிடையாவிடின் வேண்டா என்பதே அது. மானியம் என்பது யார் பொருட்டு அளிக்கப்படுவது, அது வருங்கால் யாது நிகழும், அது நின்றபின் எஞ்சுவது எது என்பவற்றை ஆராயாமல் இம்முடிவுக்கு வருதல் தகாதென்பது நம் கருத்து. இவ்விஷயத்தில் ஐக்கிய அமெரிக்க நாட்டார்க்கு நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆதலின் அவர்தம் சரித்திரத்திலிருந்து சில பகுதிகளை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

முதற்கண் அந்நாட்டு முறைமையைச் சிறிது அறிதல் வேண்டும். அங்கே பாடசாலைகள் மத்திய சர்க்காரின் கையில் இல்லை. நகரங்களும் சிற்றூர்த் தொகுதிகளும் கல்வி வட்டாரங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் பெரும்பாலும் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஒரு சபையால் ஆளப்படுகிறது. சபைக்குக் கீழ் நின்று காரியங்களை நடத்துபவர் சூப்பரிண்டெண்டு எனப்படுவர். உள்ளூர் வரியும் மாநிலத்தின் உதவியுமே செலவின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. மத்திய சர்க்கார் அளிப்பது பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. ஆயினும் அச்சிறு பங்கே பெருஞ்சச்சரவுக்கு இடமாயிருந்து வந்திருக்கிறது. வரிப்பணத்தைச் சபையார் தம் விருப்பப்படி செலவிடலாம். மானியப் பணமோ கொடுப்பவரின் நோக்கத்தைச் சுமந்துகொண்டே வருகிறது.

ஜெர்மனியில் பிரடெரிக் பிரோபெல் என்னும் பெரியார் 1837-ஆம் ஆண்டில் பாலர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அஃதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். நூற்பந்து, மர உருண்டை, கட்டை முதலியவற்றைக் கொண்டு விளையாட்டின் வழியே அறிவூட்டுதல் அவருடைய முறை. 1851-இல் பிரஷிய அரசாங்கம் இப்பள்ளிகளுக்குத் தடை விதித்தது. பந்தும் கட்டையும் கொண்டு ஆடும் குழந்தைகளைக் கண்டு ஓர் இராஜ்யம் அஞ்சியது வியப்பேயாம். அத்தடை நீங்கக் காணாமலே மறு ஆண்டில் பிரோபெல் காலஞ்சென்றார்.

அமெரிக்காவில் இம்முறை முதலில் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கான தனிப்பள்ளிகளிலேயே வழங்கிற்று. அதனைப் பொதுப்பள்ளியின் அங்கமாக்கி நிலைபெறச் செய்த பெருமை மிசௌரி மாநிலத்து ஸெயிண்ட் லூயிஸ் நகருக்கு உரியது. 1868 முதல் 1880 வரை அந்நகரின் சூப்பரிண்டெண்டாக இருந்தவர் வில்லியம் டாரி ஹாரிஸ். இவர் தத்துவ சாஸ்திரத்தில் வல்லவர். கணக்கிலும் வல்லவர் என்பதே நமக்கு இங்கு முக்கியம். தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிகளில் ஏழைச் சிறுவர்கள் ஏழு வயதில் பள்ளிக்கு வந்து பத்து வயதில் வேலைக்குச் சென்றுவிடுவதை அவர் கண்டார். பின்பக்கத்தில் வேலை இழுக்கிறது. ஆதலால் முன்பக்கத்தில்தான் கல்விக் காலத்தை நீட்ட இயலும் எனத் துணிந்தார். தாய்மடியைப் பற்றிய வாதத்தில் அவர் இறங்கவில்லை. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் அக்குழந்தைக்கு வாய்த்திருந்தது தெருவே என்பது அவர் கண்ட உண்மை.

அவருக்குத் துணையாய் அமைந்தவர் ஸூஸன் எலிசபெத் ப்ளோ என்னும் மாதரசி. 1843-இல் பிறந்த இவ்வம்மையார் பெருந்தனவந்தரும் அரசியல்வாதியுமான ஹென்ரி டெய்லர் ப்ளோவின் புதல்வி. (விடுதலை கோரி வழக்காடிப் புகழ்பெற்ற டிரெட் ஸ்காட் என்னும் அடிமை முன்னர் இக்குடும்பத்துக்கே உரியவராயிருந்தார், 1857-இல் அவருக்கு விடுதலை அளித்தவரும் இக்குடும்பத்தவரே.) வெளிநாடுகளில் பிரயாணம் செய்து பிரோபெல் முறையில் ஈடுபட்ட ப்ளோ அம்மையார், நியூயார்க்கில் மரியா க்ராஸ்-பெல்டே என்ற ஜெர்மானிய ஆசிரியையிடம் பயின்று திரும்பினார். 1873-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கரோண்டலெட் பகுதியிலுள்ள டெ பேர் பள்ளியில் 42 குழந்தைகளுடன் முதற் குழந்தைத் தோட்டம் திறக்கப்பெற்றது. சபையார் ஓர் அறையும், சம்பளம் பெறும் ஓர் ஆசிரியையும் கொடுத்தனர். அம்மையார் தாம் ஒரு காசும் பெறவில்லை. பதினோர் ஆண்டுகள் அவ்வாறே உழைத்தார்.

மறு ஆண்டில் அவர் ஆசிரியைகளுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியும் ஏற்படுத்தினார். பயிற்சி பெறும் பெண்கள் காலையில் குழந்தைகளிடம் வேலை செய்வர். பிற்பகலில் பாடம் கேட்பர். இதனால் சபையாருக்குச் செலவு குறைந்தது. நகருக்கோ ஆண்டுதோறும் தேர்ந்த ஆசிரியைகள் கிடைத்தனர். 1883-க்குள் ஸெயிண்ட் லூயிஸின் பொதுப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தைத் தோட்டம் அமைந்துவிட்டது. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பள்ளி நிதியைச் செலவிடுதல் மாநிலத்தின் அரசியல் அமைப்புக்கு ஒவ்வாது என்ற வழக்கு எழுந்து, மிகச் சிறு குழந்தைகளுக்குக் கதவு அடைபட்ட பின்னரும், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் ஏற்கும் வழக்கம் பிற நகரங்களுக்குப் பரவுவதை எவராலும் தடுக்க இயலவில்லை. அம்மையாரிடம் பயின்ற பெண்களே அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர்.

இவ்வளவிலும் மத்திய சர்க்காரின் மானியம் ஒரு டாலரேனும் இல்லை என்பதை அன்பர்கள் கருத வேண்டும்.

மானியம் வந்தது வேறொரு காரணம் பற்றி. 1933-இல் பெரும் பொருளாதார வீழ்ச்சியால் ஆசிரியர்கள் பல்லாயிரவர் வேலையிழந்து நின்றனர். அவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு, நிவாரணப் பணத்தைக்கொண்டு அவசரப் பாலர் பள்ளிகள் ஏற்படுத்தப்பட்டன. அவை பெரும்பாலும் பொதுப்பள்ளிக் கட்டடங்களிலேயே நடந்தன. உண்ண உணவும் மருத்துவப் பரிசோதனையும் பெற்று ஏழைக் குழந்தைகள் மிக்க நன்மை அடைந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்திட்டம் பிறந்தது ஆசிரியர் பொருட்டே. பின்னர் இரண்டாம் உலக யுத்தம் மூண்டு, தாய்மார்கள் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்றபோது, லான்ஹாம் சட்டம் என்னும் சட்டத்தின்கீழ் அவர்களுடைய குழந்தைகளைப் பேணும் நிலையங்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. இஃது ஆகாயவிமானமும் கப்பலும் பெருகுதற் பொருட்டு. யுத்தம் முடிந்தது, 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் பணமும் நின்றது. கலிபோர்னியா மாநிலம் தன் சொந்தப் பணத்தால் தன் நிலையங்களைக் காத்துக்கொண்டது. மற்றைய இடங்களில் அவை பெரும்பாலும் மூடப்பட்டன. குழந்தைகள் மட்டும் முன்போலவே பிறந்துகொண்டிருந்தனர்.

இனி நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது மிச்சிகன் மாநிலத்து இப்ஸிலாண்டி என்னும் சிறு நகரின் வரலாறு. கிரேக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற ஒரு தளபதியின் பெயரைத் தாங்கியது அவ்வூர். யுத்தகாலத்தில் அதன் அருகே போர்டு கம்பெனியார் நிறுவிய பெரிய விமானத் தொழிற்சாலைக்குத் தென் மாநிலங்களிலிருந்து ஏழை மக்கள் திரளாக வந்து குடியேறினர். அவ்வூரில் பெர்ரி பள்ளி என்பது கறுப்பின மக்களின் குழந்தைகள் பயின்ற பள்ளி. அதன் தலைமை ஆசிரியர் சார்ல்ஸ் யூஜீன் பெட்டி, அம்மாநிலத்தில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர். 1950-களின் பிற்பகுதியில் அவ்வட்டாரத்தின் விசேஷ சேவைப் பிரிவுக்குத் தலைவராய் வந்தவர் டேவிட் வைகார்ட் என்ற இளைஞர், மனோதத்துவம் கற்றவர். பெர்ரி பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வகுப்பில் தங்கிவிடுவதையும் இடையிலே படிப்பை விடுவதையும் கண்ட அவர், குற்றம் பிள்ளைகளின் புத்தியில் இல்லை, பள்ளி நடக்கும் முறையில் உள்ளது என்று நினைத்தார்.

இதனை வட்டாரத்துத் தலைமை ஆசிரியர்களின் கூட்டத்தில் புள்ளிக் கணக்குகளுடன் அவர் எடுத்துரைத்தார். சிலர் கைகளைக் கட்டிக்கொண்டு வாளா இருந்தனர், சிலர் ஜன்னலருகே சென்று புகை பிடிக்கலாயினர், சிலர் வெளியேறினர். தம் பள்ளிகளில் மாறுதல் செய்ய அவர்கள் இசையவில்லை. வேறொருவராயின் அவ்வளவில் அடங்கியிருப்பர். வைகார்ட் செய்த யுக்தி யாதெனில், பள்ளியில் இன்னும் சேராத குழந்தைகள் மீது எந்தத் தலைமை ஆசிரியருக்கும் அதிகாரமில்லை. ஆதலின் மூன்று நான்கு வயதினரிடமே வேலையைத் தொடங்குவது என்பதாம். பணத்துக்கு வழி? விசேஷக் கல்வி தேவைப்படும் குழந்தைகளின் பொருட்டு மாநிலம் வட்டாரங்களுக்குக் கொடுத்துவந்த நிதியை அவர் இதற்குப் பயன்படுத்தினார். பெட்டி அவருக்கு உறுதுணையாய் நின்றார். மானியத்தை எதிர்பார்த்து ஒருவர் திட்டம் வகுப்பது உலக இயல்பு. இவரோ குழந்தையின் குறையை முன்வைத்து, அதற்கேற்ற பணம் எங்குளது என்று தேடினார். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது.

இவ்வளவு இளம் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைப்பது தீங்காய் முடியவும் கூடும் எனத் தாம் கலந்த நிபுணர்கள் எச்சரித்தபோது, வைகார்ட் ஒரு சோதனையாகவே இதனை அமைத்தார். 1962 முதல் 1965 வரை 123 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அனைவரும் வறிய கறுப்பினக் குடும்பத்தவர். அவருள் 58 பேர் பள்ளியில் சேர்க்கப்பட்டனர்; 65 பேர் ஒப்புநோக்குதற்காகச் சேர்க்கப்படாமல் விடப்பட்டனர். பிரிவினை பெரும்பாலும் திருவுளச்சீட்டுப் போலவே நடந்தது. வேலைக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகள் சிலரை மட்டும், வீட்டுக்கு ஆசிரியை செல்ல இயலாமையால், பின்னர் இடம் மாற்றினர். இச்சிறு குறையை ஆராய்ச்சியாளர் பலரும் எடுத்துக் காட்டியுள்ளனர்.

நாள்தோறும் காலையில் இரண்டரை மணி நேரம் பள்ளி நடந்தது. இருபது முதல் இருபத்தைந்து குழந்தைகளுக்கு நான்கு ஆசிரியைகள். நால்வரும் பயிற்சியும் தகுதிப் பத்திரமும் உடையவர். குழந்தை தான் செய்யப்போவதைத் தானே சொல்லும், பிறகு செய்யும், செய்ததை மறுபடி கூறும். பிற்பகலில் ஆசிரியை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் வாரம் ஒருமுறை சென்று ஒன்றரை மணி நேரம் தாயுடனும் குழந்தையுடனும் இருப்பார். தாய்மடியா பள்ளியா என்று வழக்காடும் நம் அன்பர்கள் இதனைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டுகிறோம். அங்கே பள்ளி தாய்மடியை நாடிச் சென்றது. அவ்வாறு வீடு வீடாகச் சென்ற ஆசிரியைகளுள் ஒருவரான ஈவலின் மூர், கறுப்பினக் குழந்தைகளின் நலத்துக்கென 1970-இல் ஒரு தேசிய ஸ்தாபனத்தையே நிறுவினார்.

முதலில் குழந்தைகளின் புத்தி அளவு எண் உயர்ந்தது. கண்டோர் மகிழ்ந்தனர். எட்டு வயதாகுமுன் அந்த உயர்வு தேய்ந்து மறைந்தது. கண்டோர் கைவிட்டனர். 1967-இல் பள்ளியும் முடிவுற்றது. அத்துடன் கணக்குப் புத்தகத்தையும் மூடியிருந்தால், இம்முயற்சி வீண் என்றே சரித்திரம் எழுதியிருக்கும். வைகார்டும் அவருடைய உடனுழைப்பாளரும் புத்தகத்தை மூடவில்லை. 1970-இல் வட்டாரத்தை விட்டு நீங்கி ஹைஸ்கோப் என்னும் ஸ்தாபனத்தை அவர் நிறுவியபோது, அந்த 123 பேரின் பதிவேடுகளும் உடன் சென்றன. அவர் 2003-இல் காலஞ்சென்ற பின்னரும் விசாரணை நிற்கவில்லை. நாற்பது வயதில் கண்டது இது: பள்ளியில் சேர்ந்தவருள் உயர்நிலைக் கல்வி முடித்தவர் நூற்றுக்கு 77; சேராதவருள் 60. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர் சேர்ந்தவருள் நூற்றுக்கு 36; சேராதவருள் 55. வேலையில் இருந்தவர் முறையே 76, 62. குழந்தை ஒன்றுக்கு ஆன செலவு, 2000-ஆம் ஆண்டு விலைவாசிப்படி, 15,166 டாலர். செலவிட்ட ஒரு டாலருக்கு 16 டாலருக்கு மேல் நன்மை விளைந்ததென ஹைஸ்கோப் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். நோபெல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மன் மேலும் கடுமையாகச் சோதித்து, ஆண்டுக்கு நூற்றுக்கு 7 முதல் 10 வரை ஆதாயம் என்று 2010-இல் மதிப்பிட்டார். 123 பேர் என்பது சிறு தொகையே. அதன்மேல் மாளிகை கட்டுவோரைப் பின்பற்ற நாம் சொல்லவில்லை. ஆயினும் வட்டிக்குக் கொடுத்து வாங்கும் வழக்கமுடைய நம்மவர் ஹெக்மன் கண்ட விகிதத்தை இகழார் என நம்புகிறோம்.

இப்ஸிலாண்டியில் இச்சிறு பள்ளி நடந்துகொண்டிருக்கையிலேயே, 1965-இல், ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் வறுமையின்மீது தாம் தொடுத்த போரின் ஒரு பகுதியாக 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். முதற் கோடையில் எட்டு வாரங்களில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தனர். இத்திட்டத்தின் ஒரு புதுமை, பணம் மாநிலத்தைத் தாண்டி நேராக உள்ளூர் ஸ்தாபனத்துக்குச் செல்வது. கல்வி வட்டாரமும் பெறலாம். தொண்டு ஸ்தாபனமும் பெறலாம். மற்றொன்று, பெற்றோருக்கும் நிருவாகத்தில் இடமளிப்பது. இன்றளவும் செலவில் நூற்றுக்கு 80 பங்கை மத்திய சர்க்கார் தருகிறது. எஞ்சிய 20 பங்கை உள்ளூரார் பணமாகவோ, இடமாகவோ, உழைப்பாகவோ ஈடுசெய்தல் பொதுவிதி. பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய நம் முன்னோர்க்கு இவ்விதி புதிதாய்த் தோன்றியிராது.

மிஸிஸிபி மாநிலத்தில் இது பெரும்புயலைக் கிளப்பிற்று. வெள்ளையரின் ஆளுகையிலிருந்த கல்வி வட்டாரங்கள் பல இப்பணத்தைத் தொட மறுத்தன. தொட்டால் இரு நிறத்துக் குழந்தைகளையும் ஒன்றாக அமர்த்த நேரும். ஆகவே கறுப்பின மக்களும் அவர்தம் நண்பர்களும் கூடி ஒரு குழந்தை அபிவிருத்திக் குழுவை ஏற்படுத்தினர். கவர்னரின் தடையதிகாரம் கல்லூரிகளுக்குச் செல்லும் பணத்தின்மீது செல்லாதாதலால், மேரி ஹோம்ஸ் என்னும் சிறு கல்லூரியின் வழியாக மானியம் பெறப்பட்டது. அக்கோடையில் 84 நிலையங்கள் நடந்தன. அவற்றில் வேலை செய்தவர் பலர் அக்குழந்தைகளின் தாய்மாரே. பருத்திக் கொல்லையிலும் பிறர் வீட்டு அடுக்களையிலும் கூலிக்கு உழைத்தவர்கள், முதன்முறையாக வெள்ளையரின் தயவை நாடாத சம்பளம் பெற்றனர். இதனைப் பொறாத செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் கணக்கில் ஊழல் என்று குற்றஞ்சாட்டினார். 1966-இல் மானியம் நிறுத்தப்பட்டு, பெருங்கிளர்ச்சிக்குப் பின் ஓரளவே மீண்டும் வழங்கப்பட்டது. கணக்கு எழுதும் பழக்கமில்லாத ஏழைகளின் கைப்பிழையைத் தேடியவர், தம் மாநிலத்துச் செல்வர் பள்ளிகளின் கணக்கை அதே கண்ணால் பார்த்தனரா என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்க.

அதே 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, தாம் இளமையில் பயின்ற டெக்ஸாஸ் பள்ளிக்கருகே, தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஜான்ஸன் மற்றொரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் முதற் பிரிவின்படி ஏழை மாணவர் மிகுந்த கல்வி வட்டாரங்களுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய நூறு கோடி டாலர் செல்லலாயிற்று. பணம் வந்ததும் வட்டாரத்தார் பலர் செய்தது என்ன? 1969-இல் ரூபி மார்ட்டினும் பில்லிஸ் மக்ளூரும் வெளியிட்ட அறிக்கை அதனைத் தெளிவாக்கிற்று. ஏழைக்கென வந்த பணம் பொதுச் செலவில் கரைந்திருந்தது. கட்டடமும், கருவிகளும், நீச்சற்குளமும் அதில் அடங்கின. ஏழைப் பிள்ளையின் பள்ளிக்குத் தாம் செலவிடவேண்டிய சொந்தப் பணத்தைக் குறைத்து, அவ்விடத்தை மானியத்தால் நிரப்பினாரும் உளர். இதன் விளைவாக மறு ஆண்டில் சட்டம் இறுக்கப்பட்டது: மானியம் உள்ளதன்மேல் கூட்டப்படவேண்டுமேயன்றி, உள்ளதற்குப் பதிலாக வைக்கப்படலாகாது. அன்று முதல் ஒவ்வொரு வட்டாரத்திலும் மானியத்தைக் கவனிக்கவே தனி அதிகாரிகள் வேண்டியதாயிற்று. எந்த ஆசிரியையின் சம்பளம் எந்தப் பணத்தில், எந்தக் குழந்தையின் பொருட்டு என்று பிரித்துக் காட்டுதல் அவர்கள் கடமை. சலிப்பான வேலைதான். ஆனால் அச்சலிப்பான கணக்கில்லாவிடில், பணம் மேட்டை நோக்கியே பாயும் என்பதைத்தான் அந்த அறிக்கை காட்டிற்று.

நியூஜெர்ஸி மாநிலத்தில் காரியம் வேறுவிதமாய் முடிந்தது. ஏழை வட்டாரங்களுக்கும் செல்வ வட்டாரங்களுக்கும் இடையேயுள்ள தாரதம்மியத்தைக் குறித்து நடந்த ஆபட் வழக்கில், மிக வறிய வட்டாரங்களிலுள்ள மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் பள்ளி அளிக்கவேண்டுமென 1998-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. வகுப்புக்குப் பதினைந்து குழந்தைகளே. ஒரு தகுதியுள்ள ஆசிரியரும் ஓர் உதவியாளரும். புதிய கட்டடங்களுக்குக் காத்திராமல், முன்பே நடந்துவந்த தனியார் குழந்தை நிலையங்களையும் ஹெட் ஸ்டார்ட் நிலையங்களையும் வட்டாரத்தார் ஒப்பந்தத்தால் இணைத்துக்கொண்டனர். அந்நிலையங்களின் ஆசிரியைகள் பலர் பட்டம் பெறாதவர். அவரை நீக்காமல், தவணை கொடுத்து, படிப்புச் செலவையும் ஏற்று, பட்டம் பெறச் செய்தனர். ப்ளோ அம்மையாரின் பயிற்சிப் பள்ளி நம் நினைவுக்கு வருகிறது. அங்குப் பயின்ற குழந்தைகள் ஐந்தாம் வகுப்பு வரையிலும் மற்றவரை மிஞ்சியிருந்தனர் என ஆராய்ச்சியாளர் கண்டனர். இங்கே பணம் ஒருவர் விரும்பி அளிக்கும் மானியம் அன்று, குழந்தையின் உரிமை. ஆதலின் மந்திரிசபை மாறியும் அது நிலைத்தது.

இப்ஸிலாண்டியின் பதிவேடுகளைப் பற்றிய மற்றொரு செய்தி 2019-இல் வெளிவந்தது. பெர்ரி பள்ளியில் பயின்றவர்கள் அப்போது ஐம்பத்தைந்து வயதை எட்டியிருந்தனர். ஹெக்மனும் அவருடைய உடனுழைப்பாளரும் இம்முறை அவர்களை மட்டுமன்றி, அவர்களுடைய மக்களையும் விசாரித்தனர். மற்றப் பிரிவினரின் மக்களைக் காட்டிலும் இவர்கள் பள்ளியினின்று தண்டனையாய் விலக்கப்பட்டது குறைவு, கல்வியும் வேலையும் மிகுதி, குற்றமும் குறைவு. அம்மக்களுள் ஒருவரும் அப்பள்ளியின் வாயிலைக் கண்டவரல்லர். அவர்கள் பிறக்குமுன்பே, 1967-இல், அது முடிவுற்றுவிட்டது.